நிறுத்து, எழுப்பு, தண்ணீர் ஊற்று

மடுல்சீமைக்கு மேலே, பஸ் திரும்புகிற கடைசி வளைவிலிருந்து அரை மைல் ஏறினால் நான் பிறந்த தேயிலைத் தோட்டம். அங்கே பிள்ளை மடுவத்தில் ஒரு பழைய கணினி இருக்கிறது. தாய்மார் கொழுந்து எடுக்க மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப் போகிற இடம்தான் பிள்ளை மடுவம். தொட்டில்களுக்கு நடுவே கணினிக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். கம்பி போட்ட ஜன்னல் உள்ள கட்டடம் அது ஒன்றுதான். போனுக்கு ஓரளவு சிக்னல் கிடைப்பதும் அங்கேதான். அதன் கூரையில் ஒரு மழைமானி பொருத்தியிருக்கிறோம். மழை ஓர் அளவைத் தாண்டினால் கீழே லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருப்பவர்களின் போனுக்கெல்லாம் 'கவனம்' என்று ஒரு மெசேஜ் போகும். அதற்கும் மேலே போனால் 'வெளியேறுங்கள்' என்று போகும். லயத்துக்குப் பின்னால் ஒரு மண்மேடு, மேட்டில் நீளமாக ஒரு வெடிப்பு. மேட்டை ஒட்டிய கடைசிக் காம்பராவில், அந்த ஒற்றை அறை வீட்டில், இருந்தவள் என் அக்கா. அவளும் இரண்டு பிள்ளைகளும். அவள் புருஷன் கொழும்பில் ஒரு கடையில் வேலை.

நான் பதுளை டவுனில் இருக்கிறேன். போட்டோ கொப்பி அடித்து, விண்ணப்பம் தட்டச்சு செய்து, கெட்டுப்போன கணினிகளைத் திருத்துகிற கடை ஒன்றில் வேலை. காசு கொடுத்து விண்டோஸ் வாங்க வழியில்லாதவர்களுக்கு இலவசமான லினக்ஸ் போட்டுக்கொடுக்கப் போய் எனக்கே அந்தப் பைத்தியம் பிடித்துவிட்டது. லினக்ஸ் என்றால் ஒன்றில்லை. ஒரே அடுப்பில் ஆளாளுக்குச் சமைத்த மாதிரி பல வகை உண்டு. எது நல்லது என்று இணையத்தில் நாள் முழுக்க அடித்துக்கொள்வார்கள். நானும் அடித்துக்கொண்டிருக்கிறேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு எப்போதுமே தெரியாது.

சண்டை பெரும்பாலும் இரண்டு விஷயங்களைப் பற்றித்தான். புதிய பதிப்புக்கு எப்படி மாறுவது, ஒரு மென்பொருளுக்குத் தேவையான மற்றவற்றை யார் கொண்டுவந்து சேர்ப்பது. ஒரு மென்பொருள் தனியாக வராது. கல்யாணத்துக்கு ஒருவரைக் கூப்பிட்டால் அவருடைய மாமன் மச்சானையும் கூப்பிட வேண்டிவருமே, அந்தக் கதைதான். இது வேண்டுமென்றால் அது வேண்டும், அதற்கு இன்னொன்று, அதுவும் இந்தப் பதிப்பாகவே இருக்க வேண்டும். இணையம் இருந்தால் கணினியே அவ்வளவையும் கூட்டிவந்துவிடும்.

என் கடைக் கணினியில் ஃபெடோரா என்ற வகை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை புதிய பதிப்பு வரும். எல்லாவற்றையும் முதலில் இறக்கி வைத்துக்கொண்டு, கணினியை நிறுத்தி எழுப்பி, வேறு எதுவும் ஓடாத நேரத்தில் மாற்றிவிடும். என்ன போட்டோம், எதை எடுத்தோம் என்று வரலாறு வைத்திருக்கும். சரிவராவிட்டால் அந்த மாற்றத்தைப் பெரும்பாலும் திரும்பப் பெறலாம். என் மடிக்கணினியில் உபுண்டு. அது டெபியனின் பிள்ளை. அங்கிருந்து எடுத்து, தன் விருப்பத்துக்குத் தட்டிக்கொட்டி, தன் தேதியில் வெளியிடும். ஒரு பழைய பெட்டியில் ஆர்ச் போட்டுப் பார்த்தேன். அதற்குப் பதிப்பு என்று ஒன்று இல்லை, தினமும் ஏதாவது வந்துகொண்டே இருக்கும். எடுத்தால் எல்லாவற்றையும் எடு, பாதி எடுக்காதே என்பது அதன் சட்டம். இரண்டு மாதம் இணையம் இல்லாமல் போட்டுவைத்துவிட்டு ஒரு நாள் இணைத்தேன். ஐயோ, அணை உடைந்த மாதிரி வந்து விழுந்தது. டவுனிலேயே இந்தப் பாடு என்றால் தோட்டத்துக்கு அது லாயக்கில்லை என்று அன்றே மூடிவைத்தேன்.

பிள்ளை மடுவத்துக் கணினியில் போட்டது டெபியன். அதைத் தேர்ந்தெடுத்தது நானில்லை, என்னோடு சேர்ந்து மழைமானியைக் கட்டிய கணக்கு வாத்தியார். யாழ்ப்பாணத்துக்காரர், பதுளையில் படிப்பித்துக்கொண்டிருந்தார். என்னைவிட இரண்டு வயது சிறியவர், ஆனாலும் நான் சேர் என்றுதான் கூப்பிடுவேன். டெபியனில் ஒரு பதிப்பு வந்துவிட்டால் அதோடு சரி. பாதுகாப்புத் திருத்தங்கள் வரும், புதுமைகள் வராது. அடுத்த பதிப்பு வர ஏறக்குறைய இரண்டு வருஷம் ஆகும். எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது.

"ஒங்க டெபியன் பழைய சோறு சேர்" என்பேன்.

"பழசு எண்டாலும் வயித்தைக் குழப்பாதுதானே" என்று சிரிப்பார். "நான் சொல்லுறதைக் கேளுங்கோ. மழையை அளக்கிற பெட்டிக்கு வேற ஒரு வேலையும் குடுக்காதேங்கோ. புதுசு எண்டு ஒண்டையும் இதுக்குள்ள ஏத்தாதேங்கோ."

வவுனியாவுக்கு மாற்றலாகிப் போகும்போது ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிக் கணினிக்கு மேலே ஒட்டிவிட்டுப் போனார். 'எதையாவது மாற்றினால்: நிறுத்து. எழுப்பு. தண்ணீர் ஊற்று.' கணினியை முழுவதும் நிறுத்தி மறுபடி எழுப்ப வேண்டும். பிறகு ஏணி வைத்து ஏறி மழைமானிக்குள் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அதைப் பெருமழை என்று நினைத்து, கணினியில் நாங்கள் எழுதி வைத்த நிரல் மெசேஜ் அனுப்பும். கீழே லயம் முழுக்க போன்கள் கத்தும். அக்கா வாசலுக்கு வந்து, "மழ பெய்யுதுடோய், குடைய எடுங்க!" என்று வெயிலில் நின்று கூவுவாள். எல்லோரும் சிரிப்பார்கள். அதுதான் எங்கள் சோதனை.

முதலில் அவள் அந்தப் பெட்டியை நம்பவில்லை. அதற்கு முன்னால் எல்லோருக்கும் பீலிதான் கணக்கு. லயத்துக்குப் பக்கத்தில் மேட்டு ஊற்றிலிருந்து குழாய் வைத்துத் தண்ணீர் விழுகிற இடம் பீலி. குளிப்பதும் குடிக்கத் தண்ணீர் பிடிப்பதும் அங்கேதான். மழைக்காலத்தில் பீலித் தண்ணீர் கலங்கி வந்தால் பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஏறிவிடுவார்கள். பாதித் தடவை ஒன்றும் நடக்காது. நனைந்து, சமைத்ததை விட்டு, ஈரப் பாயில் விடியும்வரை கிடந்து திரும்பி வருவார்கள். மெசேஜ் வரத் தொடங்கிய பிறகு அந்த அலைச்சல் குறைந்தது. ஒரு மழைக்காலம் முழுக்க அது சரியாகச் சொன்னது. அடுத்ததில், பீலி கலங்கினால்கூட போனைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கப் பழகிவிட்டார்கள். எனக்கு அதில் பெருமை வேறு. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பீற்றிக்கொண்டேன்.

பிறகுதான் பாட்டு வந்தது. பிள்ளை மடுவம் பார்க்கிற அம்மாவை நாங்கள் மடுவத்தம்மா என்போம். அவருடைய தம்பி கட்டாரிலிருந்து லீவில் வந்தபோது பிள்ளைகளுக்கான பாட்டு வீடியோக்களை ஒரு பென் டிரைவில் கொண்டுவந்து கொடுத்திருந்தான். எங்கள் கணினியில் போட்டால் சத்தம் வந்தது, படம் வரவில்லை. அதிலிருந்த பிளேயர் பழையது.

"பாப்பா, எப்புடியாவது ஒரு வழி பண்ணிக் குடும்மா" என்றார் மடுவத்தம்மா. "வெறும் கறுப்பு ஸ்கிரீனப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்குதுங்க புள்ளைங்க. பாவமா இருக்கு."

"இது என்னாம்மா பெரிய வேலையா? அடுத்த ஞாயித்துக்கெழம முடிச்சிருவேன்" என்றேன். என் வாய்க்குப் பூட்டுப் போட ஆளில்லை.

அந்த வீடியோக்களை என் மடிக்கணினியில் பழைய பிளேயருக்கு ஏற்ற வடிவத்துக்கு மாற்றிக் கொடுத்திருந்தால் பத்து நிமிஷ வேலை. மழைப் பெட்டியைத் தொட்டிருக்கவே வேண்டாம். இது எனக்கு அப்போது தோன்றவில்லை. புதிய பிளேயரைப் போடுவதுதான் கெட்டிக்காரத்தனம் என்று தோன்றியது.

தோட்டத்தில் கிடைக்கிற சிக்னல் மெசேஜ் அனுப்பப் போதும். பெரிய கோப்பு இறக்க ஆகாது. ஆகவே நான் பதுளையில் இறக்கி, பென் டிரைவில் போட்டு, பசறையில் பஸ் மாறிக் கொண்டுபோவது வழக்கம். முதல் ஞாயிறு பிளேயரை மட்டும் கொண்டுபோனேன். இன்னின்னது இல்லாமல் ஏற மாட்டேன் என்று கணினி ஒரு பட்டியல் போட்டது. அதை ஒரு பால்மா பெட்டியின் அட்டையில் எழுதிக்கொண்டு வந்தேன். இரண்டாவது ஞாயிறு அவற்றைக் கொண்டுபோனேன். அவை ஒவ்வொன்றும் தனக்கு வேறொன்று வேண்டும் என்றன. பஸ்ஸில் மூன்று மணி நேரம் குலுங்கிப் போய், ஒரு வரி பதில் வாங்கிக்கொண்டு, மூன்று மணி நேரம் குலுங்கித் திரும்புவேன். இணையம் உள்ளவர்களுக்குக் கண்ணிமைக்கிற நேரத்தில் முடிகிற காரியம் இது. கொண்டக்டருக்கே பொறுக்கவில்லை. "என்னா தங்கச்சி, கெழமைக்குக் கெழம போறீங்க, மாப்புள பாக்கவா?" என்று கேட்டார். கடுப்பில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இங்கேதான் நான் செய்த தப்பைச் சொல்ல வேண்டும். மடுவத்துக் கணினி டெபியன், நான் இறக்கியது என் மடிக்கணினியிலிருந்த உபுண்டுவுக்கானது. தாய்க்கும் பிள்ளைக்கும் கோப்புகள் ஒரே வகை. பெயரும் ஒரே மாதிரி இருக்கும், முடிகிற எழுத்துகளும் ஒன்றுதான். பதிப்புகள் வேறு. ஒன்றின் சாமானை மற்றதில் கலக்காதே என்று இரண்டு வீட்டுக்காரர்களுமே எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு அது தெரியாது என்றால் பொய். கடைக்கு வருகிறவர்களுக்கு நானே அந்தப் புத்திமதியைச் சொல்லியிருக்கிறேன். ஆனால் டெபியனுக்கு உரியதை முறையாகத் தேடி எடுக்கப் பொறுமையில்லை. கையில் இருப்பதைக் கொண்டு முடித்துவிடலாம் என்ற திமிர்.

மூன்றாவது ஞாயிறு, கேட்டது எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனேன். அப்போதும் கணினி முரண்டு பிடித்தது. சொல்வதைக் கேட்காமல் திணிக்க ஒரு கட்டளை உண்டு. திணித்தேன். பிளேயர் திறந்தது. படம் வந்தது. யானை ஒன்று ஆடிக்கொண்டு வந்ததும், ஞாயிறானாலும் என்னோடு வந்து காத்திருந்த அக்காவின் பிள்ளைகள் இரண்டும் கைதட்டின. மடுவத்தம்மா என் கன்னத்தைக் கிள்ளினார்.

திணித்ததால் உள்ளே எல்லாம் குழம்பிப்போய், உடைந்ததைச் சரிசெய் என்று கணினி முனகிக்கொண்டே இருந்தது. ஜன்னல் ஓரத்தில் என் போனை வைத்து, கிடைத்த சொட்டு இணையத்தில் சரிசெய்யச் சொன்னேன். அது யோசித்து யோசித்து ஒரு பட்டியல் போட்டது. 'கீழ்க்காண்பவை நீக்கப்படும்' என்று இருபது முப்பது பெயர்கள். சரியா என்று கேட்டுவிட்டு நின்றது. அந்த நேரம் கீழே வளைவில் பஸ் ஹோர்ன் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி பஸ்தான் கடைசி. தோட்டத்துச் சனம் ஓடி வரட்டும் என்று டிரைவர் வளைவில் நின்று மூன்று தடவை அடிப்பார், கால் மணி நேரம் காத்திருப்பார். எங்கள் பக்கத்தில் அந்த ஹோர்ன் கேட்டால் சாப்பிடுகிற கையோடு எழுந்து ஓடுவார்கள். நானும் அந்த மண்ணில் பிறந்தவள்தானே. பட்டியலின் முதல் இரண்டு வரியைப் பார்த்தேன், ஆம் என்று தட்டினேன்.

அட்டை என் கண்ணுக்கு நேரே இருந்தது. நிறுத்து, எழுப்பு, தண்ணீர் ஊற்று. அந்தக் கிழட்டுப் பெட்டி நின்று எழும்ப நன்றாகப் பத்து நிமிஷம் எடுக்கும். முதல் இரண்டையும் விட்டுவிட்டு ஏணியில் ஏறித் தண்ணீரை மட்டும் ஊற்றினேன். கீழே போன்கள் கத்தின. "குடைய எடுங்கடோய்!" என்று அக்காவின் குரல் கேட்டது. திருப்தியாக பஸ்ஸுக்கு ஓடினேன்.

அந்தச் சோதனை ஏன் என்னை ஏமாற்றியது என்பதை இப்போது யாருக்கும் விளக்குவேன். ஓடிக்கொண்டிருக்கிற நிரல் தனக்குத் தேவையானதை ஏற்கெனவே நினைவகத்தில் ஏற்றி வைத்திருக்கும். டிஸ்க்கிலிருந்து அதை அழித்தாலும் அது பாட்டுக்கு ஓடும். நின்றால்தான் மறுபடி எழும்பாது. நான் ஆம் என்று தட்டிய பட்டியலின் நடுவில், மழைமானியோடும் மெசேஜ் அனுப்புகிற டொங்கிளோடும் எங்கள் நிரல் பேசுவதற்கான துண்டும் இருந்தது. பாட்டுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். சுற்றி வளைத்து ஏழெட்டுப் படி தாண்டிச் சம்பந்தம் இருந்தது. அந்த வாரம் செவ்வாய்க்கிழமை தோட்டத்தில் கரண்ட் போனது. கணினிக்கு வைத்திருந்த பேட்டரி தாங்குகிற நேரத்துக்கு மேல் வராமல் இருந்து, பிறகு வந்தது. கணினி தானாக எழும்பியது. மழை நிரல் எழும்பவில்லை.

வியாழக்கிழமை காலையிலிருந்து மழை. ஐப்பசி மழை எங்களுக்குப் புதிதில்லை, ஆனால் அன்று பதுளையிலேயே தெருவில் ஆறு ஓடியது. அந்த மெசேஜ் பட்டியலில் என் நம்பரும் உண்டு. மத்தியானம் போனை எடுத்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. மேலே மழை குறைவு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு தட்டச்சு செய்யப் போய்விட்டேன்.

இரண்டு மணி வாக்கில் அக்கா போன் பண்ணினாள். மழைச் சத்தத்தில் கத்திப் பேசினாள்.

"ஏண்டி, பீலித் தண்ணி சாயத் தண்ணி மாதிரி வருதுடி. மலையில வேல நிப்பாட்டி எல்லாரையும் அனுப்பிட்டாங்க. புள்ளைங்க ரெண்டும் மடுவத்துல பாட்டுப் பாக்குதுங்க. மெசேஜ் ஒண்ணும் வரலையே, நாங்க போகவா, இருக்கவா?"

"மெசேஜ் வரலைன்னா ஒண்ணுமில்லக்கா. இரு" என்றேன்.

"அப்ப சரி. ஒலையில அரிசி போட்டிருக்கேன். பக்கத்து காம்பராக்காரியும் கேட்டுக்கிட்டே இருக்கா, கைப்புள்ளைய வச்சிக்கிட்டு பயந்துபோயி கெடக்கா. அவகிட்டயும் சொல்லிர்றேன்."

வைத்துவிட்டாள். நான் சொன்னது அந்த ஒரு சொல்தான். இரு.

முக்கால் மணி நேரம் கழித்துக் கடையில் கரண்ட் போய் வந்தது. என் முன்னால் கணினி எழும்பத் தொடங்கியது. திரையில் எழுத்துகள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் பொறி தட்டியது. நான் மாற்றிய பிறகு அங்கே அந்தப் பெட்டி ஒரு தடவையாவது நின்று எழும்பியிருக்கிறதா? எழும்பியிருந்தால், எல்லாம் எழும்பியதா? அக்காவுக்கு அடித்தேன், கிடைக்கவில்லை. மறுபடி அடித்தேன், கிடைக்கவில்லை. மடுவத்தம்மாவுக்கு அடித்தேன், எடுத்தார்.

"கம்பியூட்டர் ஓடுதாம்மா?"

"ஓடுதே பாப்பா. பாட்டு ஜோரா ஓடுது. பள்ளிக்கூடம் விட்டு வந்த புள்ளைங்க எல்லாம் இங்கதான்." பின்னால் அந்த யானைப் பாட்டு கேட்டது.

"அந்தப் பாட்டத் தள்ளிட்டுப் பாருங்க. ஸ்கிரீன் மூலையில ஒரு கறுப்புக் கட்டம், மழ நம்பர் ஓடுமே, அதுல என்னா இருக்கு?"

"நம்பர் ஒண்ணும் இல்லையேம்மா. இங்கிலீசுல என்னமோ எழுதியிருக்கு. செவ்வாக்கெழம கரண்ட் வந்ததுலேர்ந்து இப்புடித்தான் கெடக்கு. பாட்டு ஓடுதேன்னு நான் கவனிக்கல."

"அந்த மழப் பெட்டி செத்துக் கெடக்கும்மா!" என்று கத்தினேன். "அம்மா, லயத்துல எல்லாரையும் வெளிய வரச் சொல்லுங்க. இப்பவே. தண்டவாளத்த அடிங்க."

பிள்ளை மடுவ வாசலில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். முன்பு காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் திரட்ட, அடித்தது. மடுவத்தம்மா போனை வைக்காமலே ஓடினார். இரும்பில் இரும்பு விழுகிற சத்தம் எனக்குக் கேட்டது. பாட்டும் கேட்டது. பிறகு லைன் அறுந்துவிட்டது.

மிச்சத்தை மற்றவர்கள் சொல்லித்தான் அறிந்தேன். சத்தம் கேட்டு எல்லோரும் வெளியே வந்தார்கள். அக்காவும் வந்து படியேறிவிட்டாள். பாதி வழியில் திரும்பிப் பார்த்தால் பக்கத்துக் காம்பராக்காரியைக் காணோம். "தங்கச்சி சொல்லிட்டா, பயப்படாம படு" என்று அக்கா சொன்னதைக் கேட்டு அவள் பிள்ளையைப் பக்கத்தில் போட்டுத் தூங்கிவிட்டாள். தகரக் கூரை மழையில் தண்டவாளச் சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை. அக்கா திரும்பி ஓடினாள். "நான்தான அவள இருக்கச் சொன்னேன்" என்று கத்திக்கொண்டே ஓடினாளாம். கதவைத் தட்டி, பிள்ளையை வாங்கி வெளியே கொடுத்து, அவளை இழுத்துத் தள்ளினாள். கடைசியாகத் தான் வெளியே வரும்போது மேடு இறங்கியது. பின்சுவர் சாய்ந்து வாசல் நிலையோடு விழுந்தது. அக்காவின் வலது கை நிலைக்கும் கல்லுக்கும் நடுவே மாட்டிக்கொண்டது.

ஆள் சேதமில்லை. எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். கடைசி மூன்று காம்பராவும் மண்ணுக்குள் போயும் ஆள் சேதமில்லை. அக்காவின் வலது கையில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். மற்ற மூன்றும் மடங்காது. கொழுந்து எடுக்க இரண்டு கையும் வேண்டும். பதினேழு வயதிலிருந்து அவள் செய்த வேலை அது.

"பாட்டு இல்லாட்டி புள்ளைங்க அந்த நேரம் காம்பராவுலதான இருந்திருக்கும்? ஒன்னாலதான் தப்பிச்சிச்சுங்க" என்று ஆஸ்பத்திரிக்கு வந்த ஒருவர் எனக்கு ஆறுதல் சொன்னார். எனக்கு வந்த கோபத்தில் எழுந்து வெளியே போய்விட்டேன்.

வாத்தியாருக்குப் போன் பண்ணி எல்லாவற்றையும் சொன்னேன். "எழுதி ஒட்டிப்போட்டுத்தானே வந்தனான்" என்றார். அவர் திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். அழுதேன். அடுத்த ஞாயிறு, அதே டெபியனின் முழு நிறுவல் டிஸ்க்குகளையும் எடுத்துக்கொண்டு போய், எல்லாவற்றையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து போட்டேன். வேறு எதையும் ஏற்றவில்லை. அவர் சொன்னபடி, தினமும் காலையில் 'நான் இருக்கிறேன்' என்று ஒரு மெசேஜ் வரவும் ஏற்பாடு செய்தேன். மூன்று மணி பஸ் ஹோர்ன் அடித்தது. நான் போகவில்லை. பத்து நிமிஷம் நிறுத்தி எழுப்பி, தண்ணீர் ஊற்றிவிட்டு, இரவு மடுவத்தம்மா வீட்டில் தங்கினேன்.

தோட்டத்தில் எல்லோரும் மெஷின் பழுதாகிவிட்டது என்றுதான் நினைக்கிறார்கள். நான் கூட்டத்தில் நின்று, பழுதாக்கியது நான்தான் என்று சொன்னேன். "கரண்டு போனதுக்கு நீ என்னா பண்ணுவ" என்றார்கள். விளங்கப்படுத்தப் பார்த்தேன், முடியவில்லை. ஆனால் இரு என்று சொன்னதை மட்டும் சொல்ல நா எழவில்லை. அது எனக்கும் அக்காவுக்கும்தான் தெரியும். பக்கத்துக் காம்பராக்காரிகூட, 'தங்கச்சி சொல்லிட்டா' என்று அக்கா சொன்னது மெசேஜ் வராததைத்தான் என்று எடுத்துக்கொண்டாளாம். அக்கா அதைத் திருத்தவில்லை.

இப்போது அவள் பிள்ளைகளோடு மேலே, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் போட்டுக்கொடுத்த தகரக் கொட்டகை ஒன்றில் இருக்கிறாள். மேடு பின்னால் ஒட்டினாற்போல் இல்லை, கொஞ்சம் தள்ளித்தான் இருக்கிறது. பிள்ளை மடுவத்தில் தொட்டில் ஆட்டுகிற வேலை கொடுத்திருக்கிறார்கள். கிழமைக்கு ஒரு தடவை கணினியை நிறுத்தி எழுப்பி, ஏணியில் ஏறி இடது கையால் தண்ணீர் ஊற்றுபவள் அவள்தான். எந்த லினக்ஸ் நல்லது என்று இணையத்தில் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். எதைப் போட்டால் எது வேண்டும், எதை எடுத்தால் எது விழும் என்று ஒவ்வொன்றும் பட்டியல் வைத்திருக்கிறது. ஃபெடோராக்காரர்கள் வரலாற்றைத் திருப்பலாம் என்கிறார்கள். நான் படிப்பேன், எழுத மாட்டேன்.

போன மாதம் நல்ல மழை. காலையில் 'நான் இருக்கிறேன்' வந்திருந்தது. அதற்குப் பிறகு 'கவனம்' ஒன்றும் வரவில்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, அக்காவுக்கு அடித்தேன்.

"அக்கா, புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கா."

"மெசேஜே வரலையேடி?"

"வரலைன்னா என்னா? நான் சொல்றேன், போ."

அக்கா சிரித்தாள். "நீ இருன்னு சொன்ன, கை போச்சு. இப்ப நீ போன்னு சொன்னா நான் போகணுமா?"

மூக்கை உறிஞ்சிக்கொண்டேன். மழை இரண்டு பக்கமும் கேட்டுக்கொண்டிருந்தது.

"அழுவாத. நான் எறங்கிப்போயி பீலியப் பாத்துட்டுத்தான் வந்தேன், தெளிவா ஓடுது" என்றாள். "நீ சாப்புட்டியா?"